முக்காட்டில் நின்ற ஊசி

குண்டசாலை
09.02.2025

தம்பி ராஜலிங்கத்துக்கு,

உங்களுக்கு இரண்டு முறை போன் எடுத்தேன். மணியே போகவில்லை. என் இலக்கத்தை நீங்கள் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று மகள் ஹஸ்னா சொன்னாள். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தடவை வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் மனைவி நிரோஷா பத்து வருஷத்துக்கு மேல் என் தையல் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்தவள். என்னை 'ராத்தா' என்று, அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். அவள் மௌத்தான அன்று, கடைசியாக முகம் பார்க்க நானும் ஹஸ்னாவும் தெல்தோட்டைக்கு வந்தோம். நீங்கள் படியில் நின்றீர்கள். "நீங்க உள்ள வர வேணாம். போயிருங்க" என்றீர்கள். சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் கோயில் வளைவில் தூறலுக்குள் நின்று, அவளைத் தூக்கிக்கொண்டு போவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு பஸ் ஏறினோம். அவள் முகம் எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. இதை எழுதாமல் விடத்தான் நினைத்தேன். முடியவில்லை.

இப்போது எழுத வந்த விஷயம் வேறு. அவளுடைய ஊசிகள் உங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பச்சை ஃபிளானல் துணியில் குத்தி வைத்திருப்பாள். உங்கள் பக்கத்து ஈரத்துக்கு ஊசி தாங்காது. இடைக்கிடை காய்ந்த துணியால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். ஃபிளானலை வெயில் வரும் நேரம் பார்த்துக் காயப்போட்டு எடுங்கள். எண்ணெய் மட்டும் பூச வேண்டாம். இரும்புச் சாமானுக்கு எண்ணெய் நல்லதுதான், ஆனால் இந்த ஊசி நாளைக்கு ஒரு வெள்ளைத் துணிக்குள் போக வேண்டியது.

ஹஸ்னாவின் கலியாணத்துக்கு அவள் பூவேலை செய்துகொண்டிருந்த முக்காடும் அங்கேதான் இருக்கும். அதைக் கேட்டு நான் எழுதவில்லை. ஆனால் அதில் ஊசி ஏதும் நின்றால் எடுத்துவிடுங்கள். துரு பிடித்தால் ஜோர்ஜெட் துணி இற்றுப்போகும்.

அல்லாஹ் உங்களுக்கு ஆறுதலைத் தரட்டும்.

சகீனா


தெல்தோட்டை
23.02.2025

சகீனா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

உங்களை உள்ளே விடாததற்கு நான் வருத்தப்படவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு மார்பில் கட்டி என்று உங்களுக்குத் தெரிந்தது போன மார்ச்சில். எனக்குத் தெரிந்தது டிசம்பரில். நான் டோஹாவில் லொறி ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு இரவும் போனில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாமல் இருந்தேன். அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்காருவாள். "இங்க ஒரே குளிருங்க, அதான்" என்பாள். "என்னடி, கொழுந்து எடுக்கப் போற கிழவி மாதிரி இருக்கே" என்று நான் சிரித்திருக்கிறேன். தலையில் முடி இல்லாத பெண்ணைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்த நேரம் அவள் உங்கள் வீட்டில்தான் இருந்தாள். நீங்கள் அந்த அறையில், போனுக்குப் பின்னால் இருந்திருப்பீர்கள். என் சிரிப்பு உங்களுக்குக் கேட்டிருக்கும்.

இனி ஊசி விஷயம். முக்காட்டில் ஒரு ஊசி நிற்கிறது. அதை எடுக்க மாட்டேன்.

நான் வந்த பிறகும் அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சம் தைத்தாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம், "கொஞ்சம் சுடுதண்ணி தாங்க" என்றாள். ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் கப்பை என் கையிலிருந்து வாங்கினாள். குடித்துவிட்டுப் படுத்தாள். அதற்குப் பிறகு அவள் துணியைத் தொடவில்லை. அதனால் அந்த ஊசி அங்கேயே நிற்கட்டும். துரு பிடித்தால் பிடிக்கட்டும்.

உங்கள் மகளுக்குக் கண்டியில் ஆயிரம் முக்காடு வாங்கலாம்.

க. ராஜலிங்கம்


குண்டசாலை
06.03.2025

தம்பிக்கு,

நோன்பு தொடங்கியிருக்கிறது. சஹர் சாப்பாடு முடித்துவிட்டு வீடு சத்தமில்லாமல் இருக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

ஓம், உங்கள் சிரிப்பு கேட்டது. போனை வைத்த பிறகு அவளும் சிரித்தாள், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டும். "ராத்தா, என்னைய கிழவிங்கிறாரு பாத்தீங்களா" என்று என்னிடம் திரும்பினாள். பிறகு முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

கண்டியில் டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாங்கில் நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். "புள்ள, இத மறைக்க ஏலா. மாப்பிள்ளைக்கு இப்பவே சொல்லோணும்" என்று போனை அவள் கையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பி என் மடியில் வைத்தாள்.

"சொன்னா அந்த நிமிஷமே வேலைய உட்டுட்டு ஓடி வந்துருவாரு ராத்தா. பெறகு திருப்பி எடுக்க மாட்டாங்க. மருந்து ஏத்தி முடிச்சா சரியாயிரும்னு டாக்டர் சொன்னாங்கதானே. சுகமாகி நானே சொல்றேன். நீங்க சொன்னீங்கன்னா நான் உங்க வீட்டுக்கே வர மாட்டேன்."

மாதா மாதம் கேட்டேன். மாதா மாதம் இதே பதில். டிசம்பரில் டாக்டரின் பேச்சு மாறியது. அன்று அவளிடம் கேட்காமலே உங்களுக்குப் போன் எடுத்தேன். அதற்காக அவள் என்னோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். தெல்தோட்டைக்குப் புறப்படும்போது முக்காட்டையும் ஊசி டின்னையும் மட்டும் பையில் வைத்துக்கொண்டாள், "போயிட்டு வர்றேன்" என்றுகூடச் சொல்லவில்லை. நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான்.

அவள் உடம்பு, அவள் செய்தி, அவள்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்களுக்குக் கோபப்பட நான் ஒருத்தி இருக்கிறேன். நான் யாரிடம் கோபப்படுவது என்று சொல்லுங்கள்.

முக்காட்டை இனி ஒருபோதும் கேட்க மாட்டேன். ஆனால் ஊசி பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நிரோஷா ஊசியைத் துணியில் விட்டுவிட்டு எழும்புகிறவள் இல்லை. தேத்தண்ணி குடிக்கப் போனாலும் ஊசியை எடுத்து, துடைத்து, ஃபிளானலில் குத்திவிட்டுத்தான் போவாள். மற்றப் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போனால் ஏசுவாள். அப்படிப்பட்டவள் அன்று துணியில் குத்தி வைத்தாள் என்றால், தண்ணீரைக் குடித்துவிட்டு உடனே எடுக்கத்தான் வைத்திருக்கிறாள். அங்கேயே நிற்கட்டும் என்று வைக்கவில்லை.

சகீனா


தெல்தோட்டை
30.03.2025

சகீனா அவர்களுக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை வாசித்த பிறகு சில நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் எழுதினீர்கள் என்று ஆத்திரமாக வந்தது. பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன்.

போன கிழமை இங்கே விடாத மழை. அலுமாரியைத் திறந்தபோது உள்ளே பூஞ்சை வாடை. முக்காட்டை வெளியே எடுத்தேன். ஊசியைச் சுற்றிப் பழுப்பு நிறம் தெரிகிறது. தேயிலைச் சாயம் சொட்டின மாதிரி. பயந்துபோய் டின்னையும் திறந்தேன்.

நான் அந்த டின்னைத் திறந்தது அதுதான் முதல் தடவை. கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் ஊசி என்றால் ஒரே ஊசிதான் என்று நினைத்திருந்தேன். உள்ளே பார்த்தால் சில ஊசி தலைமுடி மாதிரி இருக்கிறது. சிலதுக்குக் காது நீளம். ஒன்றுக்கு முனையே இல்லை, மொட்டை. சிலதில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி துடைத்தேன். துடைக்கும்போது இரண்டு விரலில் ஏற்றிக்கொண்டேன். லொறிக்கு டயர் மாற்றுகிற கைக்கு இது பிடிபடவில்லை. ஒன்று கீழே விழுந்து, அதைத் தேடி வெறுங்காலோடு நடக்கப் பயந்து, டோர்ச் அடித்து முழங்காலில் தவழ்ந்து எடுத்தேன்.

பஸார் கடையில் ஒரு ஊசியைக் காட்டி இது என்ன சாதி என்று கேட்டேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சாக்குத் தைக்கிறதா இருந்தா எங்கிட்ட இருக்கு" என்றார்.

எனவே உங்களிடம் கேட்கிறேன். ஒவ்வொரு ஊசியும் எதற்கு? அவள் எதை எப்போது எடுப்பாள்? உங்களோடு சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை அவள் இருந்தது உங்கள் பக்கத்துக் கதிரையில். அந்த மாதங்கள் உங்களிடம் இருக்கின்றன. என்னிடம் இல்லை. ஊசியைப் பற்றி என்றால் எனக்குக் கேட்க வாய் வருகிறது. வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

பெருநாள் வாழ்த்து, உங்கள் மகளுக்கும் சொல்லுங்கள்.

ராஜலிங்கம்


குண்டசாலை
12.04.2025

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை ஹஸ்னாவிடம் வாசித்துக் காட்டினேன். "உம்மா, ஒண்ணும் உடாம எழுதுங்கொ" என்றாள். எழுதுகிறேன்.

மொட்டை ஊசியை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது நூலுக்கு அடியால் நூல் ஓட்டுகிற வேலைக்கு, துணியைக் குத்துவதற்கு இல்லை. தலைமுடி மாதிரி இருப்பது மணி கோக்க. அது சீக்கிரம் வளையும், வளைந்தால் வளைந்ததுதான். காது நீளமானவைதான் பூவேலை ஊசி. பட்டு நூல் நுழையும்போது நசுங்காமல் இருக்கத்தான் அந்த நீளம். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். பத்தாம் நம்பர் மெல்லியது, ஏழு தடிப்பு. ஊசி துணியில் போடுகிற ஓட்டையை நூல் நிரப்ப வேண்டும். ஊசி தடித்தால் ஓட்டை வெளியே தெரியும். மெலிந்தால் நூல் உரசி நைந்துபோகும். இவ்வளவுதான் கணக்கு.

முக்காட்டு வேலை தொடங்கும்போது ஊசி வாங்க அவளோடு நானும் கண்டி டவுனுக்குப் போனேன். அவள் ஊசி வாங்குவதை நீங்கள் பார்த்ததில்லை. பெட்டியை உடைத்துக் கடைக் கண்ணாடி மேல் கொட்டி, ஒவ்வொன்றாக விரலால் உருட்டுவாள். நேரான ஊசி வழுக்கிக்கொண்டு போகும். கோணல் ஊசி தத்தித் தத்திப் போகும். பிறகு காதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பாள், உள்ளே பிசிறு இருந்தால் நூலை அறுக்கும். கடைக்காரர் பொறுமை இழந்து, "அக்கா, ஊசி பாக்குறீங்களா, மாப்பிள்ள பாக்குறீங்களா?" என்றார். "மாப்பிள்ளய இவ்வளவு பாக்கல, வந்தவர கட்டிக்கிட்டேன்" என்றாள் இவள். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். முதல் மருந்து ஏற்றுவதற்கு முந்தின நாள் அது.

என்ன பூ போடலாம் என்று கேட்டபோது, கோப்பிப் பூ போடுகிறேன் என்றாள். தேயிலைக்கு நடுவில் யாரும் நடாமல் நிற்கிற கோப்பிச் செடி, ஒரு மழை பெய்து முடிய வெள்ளையாகப் பூத்துவிடும், இரண்டு நாளில் கொட்டிப்போகும், இது கொட்டாமல் இருக்கட்டும் என்றாள். பத்தாம் நம்பர் ஊசியால் தொடங்கினாள்.

மருந்து ஏற ஏற அவளுக்கு விரல் நுனி மரத்துப்போனது. ஊசி கையில் இருப்பது தெரியவில்லை என்றாள். ஒரு நாள் விரலில் குத்தி இரத்தம் வந்தும் அவளுக்குத் தெரியவில்லை. துணியில் பொட்டு விழுந்ததை நான்தான் கண்டேன். அவள் பதறவில்லை. வெள்ளை நூலை வாயில் வைத்து ஈரமாக்கி, அதால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தன் இரத்தத்துக்குத் தன் எச்சில்தான் மருந்து என்றாள். தையல்காரிகள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

அதற்குப் பிறகு பத்தாம் நம்பரை விட்டு எட்டை எடுத்தாள். ஆவணி வாக்கில் அதுவும் பிடிபடாமல் ஏழாம் நம்பருக்கு வந்தாள். எனக்கு அவள் அழுததைப் பார்த்த ஞாபகம் அந்த ஒரு நாள்தான். "இந்தத் தடிச்ச ஊசி துணியில கண்ணு வைக்கிது ராத்தா. ஹஸ்னா புள்ளைக்குப் போயி இப்பிடித் தைக்கிறேனே" என்றாள். நான் தைத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

கறுப்புப் புள்ளி விழுந்த ஊசிகளும் அந்தக் காலத்து ஊசிகள்தான். மருந்தால் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. வியர்வை ஊசியின் பூச்சைத் தின்றுவிடும். பூச்சுப் போன ஊசியைத் தேய்த்து வைத்துப் பிரயோசனம் இல்லை, துணியைப் பிராண்டும். அவற்றை மூடி போட்ட போத்தலில் இட்டு வையுங்கள். குப்பையில் போட வேண்டாம், யார் காலிலும் ஏறும்.

தம்பி, முக்காட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து, தொங்கலில் பூக்கரை தொடங்கும் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். அவள் எந்த இடத்தில் ஊசி மாற்றினாள் என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.

அந்த ஊசியையும் எடுக்கத்தான் வேண்டும், துரு தானாக நிற்காது. இரண்டு வழி உண்டு. காதுக்குப் பக்கத்தில் நூலை வெட்டி ஊசியைப் பின்னால் உருவலாம். அப்படி எடுத்தால் அந்தத் தையல் இல்லாமற்போகும். இல்லையென்றால், மெதுவாக விரலுக்குள் உருட்டி இளக்கி, நுனியைப் பிடித்து முன்னால் இழுக்கலாம். முன்னால் இழுத்தால் நூலும் கூட வந்து அந்தத் தையல் முழுதாகிவிடும். துணிக்கு நல்லது பின்னால் உருவுவதுதான், முன்னால் இழுத்தால் துரு உரசும். எது செய்தாலும் நீங்கள் செய்யுங்கள். இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சகீனா


தெல்தோட்டை
11.05.2025

ராத்தாவுக்கு,

அவள் கூப்பிட்டது போலவே எழுதியிருக்கிறேன். வேறு எப்படி எழுதுவதென்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

உங்கள் கடிதம் வந்தும் சில கிழமை முக்காட்டைத் தொடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல வெயில். யன்னல் கம்பியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதற்கு முன்னால் முக்காட்டைப் பிடித்தேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாப் பூவும் ஒரே பூவாகத்தான் இருந்தது. பிறகு கண் பழகிவிட்டது. தொடக்கத்துப் பூக்களில் நூல் துணியிலிருந்தே முளைத்த மாதிரி இருக்கிறது. ஓட்டையே இல்லை. வலப்பக்க மூலை திரும்புகிற இடத்தில், இதழ் ஓரத்தில் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டு வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி அது பெரிதாகிறது. கொடி நேராக ஓடிக்கொண்டிருந்தது, அந்த இடத்திலிருந்து இலேசாக நடுங்குகிறது.

அந்த மூலையில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அவள் அங்கே எனக்குச் சொல்லியிருக்கிறாள் ராத்தா. போனில் சொல்லாததை. எனக்கு வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஊசி இப்போது நன்றாகத் துருவேறிப் போயிருந்தது. பின்னால் உருவுவது நல்லது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். கத்தரிக்கோலையும் எடுத்து வைத்தேன். நூலுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். வெட்ட முடியவில்லை. உருட்டி உருட்டி இளக்கினேன். அரை மணித்தியாலம் இருக்கும், கைவிரல் முழுக்கப் பழுப்பு. நுனியைப் பிடித்து முன்னால் இழுத்தேன். முதலில் வரவில்லை, பிறகு சட்டென்று வந்தது. நூல் அதன் பின்னால் ஓடி வந்து, இதழின் ஓரத்தில் படுத்துக்கொண்டது. அந்த ஒரு தையல் மற்றதைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது. அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

துருக்கறை நிற்கிறது. கடுகளவு இருக்கும். மன்னிக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை கண்டிக்கு வர இருக்கிறேன். முக்காட்டையும் அவளுடைய டின்னையும் கொண்டுவருகிறேன். உங்கள் தம்பி ஹபீலை பஸ் நிலையத்துக்கு அனுப்ப முடியுமா? வீட்டுக்கு வர எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அந்தக் கதிரையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ராஜலிங்கம்


குண்டசாலை
10.06.2025

தம்பிக்கு,

ஹபீல் பார்சலைக் கொண்டுவந்து தந்தான். "அவரு அத ரெண்டு கையால தந்தாரு, புள்ளயத் தாற மாதிரி" என்றான். உடனே பதில் எழுதவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். கையில் வேலை இருந்தது. எழுதும்போது உங்களுக்கே விளங்கும்.

கறையைப் பார்த்தோம். தேசிக்காயைப் பிழிந்த புளியும் உப்பும் போட்டு வெயிலில் வைத்தால் போகும். ஆனால் அந்த இடம் இற்றுவிடும். எடுக்கட்டுமா என்று ஹஸ்னாவிடம் கேட்டேன். "அதத் தொடாதீங்க உம்மா" என்று முக்காட்டை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

ஒரு பக்கத்துத் தொங்கல் முடியாமல் கிடந்தது. நான் தைக்க உட்கார்ந்தேன். பழக்கத்தில் பத்தாம் நம்பர் ஊசியில் நூல் கோத்தேன். ஒரு பூ போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் என்ன செய்கிறேன் என்று. என் பூ நன்றாக, ஓட்டை தெரியாமல் வந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய கடைசிப் பூக்கள் கண் திறந்துகொண்டு நின்றன. இனிப் பார்க்கிறவர்கள், இது கைதேர்ந்தவள் தைத்தது, அது ஏலாதவள் தைத்தது என்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

பூவைப் பிரித்தேன். அவளுடைய டின்னைத் திறந்து ஏழாம் நம்பர் ஊசிகளை மேசையில் உருட்டிப் பார்த்தேன். நேரானதாக, புள்ளி விழாததாக ஒன்று கிடைத்தது. மிச்சத்தை முழுவதும் அதால்தான் தைத்து முடித்தேன். என் கைக்கு அது பாரமாகத்தான் இருந்தது. முதல் தொங்கலிலிருந்து கடைசித் தொங்கல் வரை பார்த்தால், அவள் ஊசி மாற்றியது தெரியும். அவள் நிறுத்தியது தெரியாது. உங்கள் தையலும் அப்படியே இருக்கிறது. அதை நான் இறுக்கவில்லை.

வருகிற 22ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். எங்கள் வீட்டிலேயே பந்தல். அழைப்பிதழும் இதற்குள் இருக்கிறது. உங்கள் வாசலில் நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். சில நாள் கை கழுவும்போது திடீரென்று ஞாபகம் வரும். ஆனால் அது அதன் பாட்டுக்கு இருக்கட்டும். நீங்கள் வாருங்கள். ஆண்கள் பக்கத்தில் ஹபீல் உங்களைப் பார்த்துக்கொள்வான். அந்த அறையை அன்று பூட்டித்தான் வைத்திருப்போம், கதிரை கண்ணில் படாது.

சகீனா


தெல்தோட்டை
25.06.2025

ராத்தாவுக்கு,

ஊருக்கு வந்து சேர்ந்தேன். சொல்லாமல் புறப்பட்டுவிட்டேன் என்று ஹபீல் கோபித்திருப்பார். பெண்கள் பக்கம் வந்து சொல்லவும் முறையில்லை, ஊருக்கு வருகிற கலகா பஸ்ஸையும் விட முடியாது.

முக்காட்டோடு ஹஸ்னாவை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று வந்தேன் என்றும் சொல்ல முடியாது. பந்தலுக்கு அந்தப் பக்கம் பெண்களின் சத்தம் ஒரு தரம் பெரிதாகக் கேட்டது. அப்போது அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டோஹாவுக்குத் திரும்பப் போகவில்லை. இங்கே ஃபெக்டரி லொறிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். முதலாம் திகதி ஏறுகிறேன். கோபம் போய்விட்டதா என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். போகவில்லை. காலையில் எழும்பும்போது இருக்கிறது. முன்பு அது முழுவதும் உங்கள் பக்கம் இருந்தது. இப்போது கொஞ்சம் அவள் பக்கமும் போகிறது. செத்துப்போனவளோடு சண்டை போடுகிறேன், "ஏன்டி சொல்லல" என்று வீட்டுக்குள் சத்தமாகவே கேட்கிறேன். அவளோடு சண்டை பிடித்து எத்தனை காலம். அதிலும் ஒரு ஆறுதல் இருக்கிறது.

கலியாணத்தன்று நடந்த ஒன்றை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நிக்காஹ் முடிந்து சாப்பாட்டுக்குப் பாய் விரித்தார்கள். எனக்கு உங்கள் வழக்கம் தெரியாது. ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டு என்று பார்த்ததும் கூச்சமாகிவிட்டது. கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால், ஓரமாக நின்றேன். மாப்பிள்ளையின் பெரியப்பா போலிருக்கிறது, வெள்ளைத் தாடி வைத்த ஒருவர், என்னைக் கண்டுவிட்டு வந்தார்.

"ஏன் நிண்டுக்கிட்டு ஈக்கிறீங்க? நீங்க மணவாட்டிக்கு என்ன முறை?"

தெரிந்தவர், வேலை செய்தவளின் புருஷன், தெல்தோட்டை ஆள் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஹபீல் தட்டோடு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார், அவர் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"பொண்ணோட சின்னம்மா புருஷன்" என்றேன்.

ஹபீல் அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். பிறகு ஹபீலைப் பார்த்தார். ஹபீல் தலையை ஆட்டினார்.

"அப்ப சாச்சப்பாவ பின்னுக்கு நிப்பாட்டி வெச்சா ஈக்கிறீங்க?" என்று, சித்தப்பாவுக்கு உங்கள் பக்கம் சொல்கிற சொல்லால் பெரியவர் சத்தம் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டுபோய், பெண் வீட்டார் இருந்த பாயில் உட்கார வைத்தார். ஐந்து பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். சோற்றில் எல்லோரும் அவரவர் பக்கத்தில் கை வைத்தார்கள். நான் சும்மா இருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கோழித் துண்டைப் பிய்த்து, என் பக்கத்துச் சோற்றுக்குத் தள்ளிவிட்டு, தன் பாட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நிரோஷா போன பிறகு நான் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை ராத்தா. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உங்கள் தம்பி
ராஜலிங்கம்